ரகசியம் அறியாத காவலாளி

மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோகிறது. மூன்று முறை தட்டிப் பார்க்கிறோம். மூன்றும் தப்பு. 'மறந்துவிட்டதா?' என்று கீழே சின்னதாக ஒரு வரி இருக்கிறது. அதை அழுத்தினால், புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நமக்கு எரிச்சல் வருகிறது. பழையதையே சொல்லித் தொலைத்தால் என்ன? சரியாகத் தட்டும்போதெல்லாம் 'உள்ளே வா' என்கிறதே, அப்படியானால் அதற்குத் தெரிந்துதானே இருக்க வேண்டும்?

தெரியாது. உண்மையிலேயே தெரியாது. ஒழுங்காகக் கட்டப்பட்ட எந்த இணையதளத்திலும் உங்கள் கடவுச்சொல் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. வாசலில் நிற்கும் காவலாளிக்கு ரகசியச் சொல் தெரியாது. ஆனாலும் சரியான சொல்லைச் சொன்னவரை உள்ளே விடுவார், தப்பாகச் சொன்னவரைத் திருப்பி அனுப்புவார். தெரியாத ஒன்றைச் சரிபார்ப்பது எப்படி? அறுபது ஆண்டுகளாகக் கணினிக்காரர்கள் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் காவலாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு உருவாக்கியது. அவரவர் கோப்பு அவரவருக்கே என்பதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் தந்தார்கள். அத்தனை சொற்களும் ஒரே கோப்பில், உள்ளது உள்ளபடி இருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குத் தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. அந்தக் கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளையட்டையில் கேட்டார். கணினியும் மறுபேச்சில்லாமல் அச்சிட்டுக் கொடுத்தது. 1966இல் இன்னொரு கூத்து நடந்தது. ஒரு மென்பொருள் கோளாறால் இரண்டு கோப்புகள் இடம் மாறிக்கொண்டன. ஒன்று, உள்ளே வருகிறவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பு. மற்றது கடவுச்சொல் கோப்பு. அன்று உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லாருடைய ரகசியமும் வரிவரியாக ஓடியது.

பூட்டை இன்னும் பெரிதாக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் என்ற கணினி அறிஞருக்கு வேறு மாதிரித் தோன்றியது. ரகசியத்தை வைத்திருப்பதால்தானே திருட்டுப் போகிறது? வைத்துக்கொள்ளவே வேண்டாம். அதிலிருந்து அரைத்தெடுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அரைப்பது என்றால் நம் சமையலறையில் நடப்பதேதான். தேங்காய், மிளகாய், பொட்டுக்கடலை எல்லாம் மிக்ஸியில் போய்ச் சட்னியாக வரும். சட்னியிலிருந்து தேங்காய்ச் சில்லை மீட்க முடியாது. ஆனால் ஒரு கற்பனை மிக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பொருளை அதே அளவில் போட்டால் ஒரு துகள்கூட மாறாமல் அதே சட்னி வரும். கடுகளவு மாறினாலும் நிறமும் மணமும் அடியோடு மாறிவிடும். கணினிக்காரர்கள் இதை ஹேஷ் என்கிறார்கள். நறுக்கிக் கலப்பது என்பது அந்தச் சொல்லின் பொருள். இங்கே நாம் அதை 'அரைவை' என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தொடங்கும்போது தளம் உங்கள் சொல்லை அரைத்து, அரைவையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு சொல்லை மறந்துவிடுகிறது. அடுத்த முறை நீங்கள் தட்டுவதை மறுபடி அரைக்கிறது. இரண்டு சட்னியும் ஒன்றானால் கதவு திறக்கும்.

ஒரு சொல்லை மிக்ஸியில் போட்டே பார்த்துவிடலாம். ஷா-256 என்பது உலகமெங்கும் புழங்கும் ஓர் அரைவை முறை. எதைப் போட்டாலும், ஒற்றை எழுத்தானாலும் ஒரு முழு நூலானாலும், 0 முதல் 255 வரையிலான 32 எண்களாக அரைத்துத் தரும். 12345 என்று போட்டால் முதல் ஆறு எண்கள் 89, 148, 71, 26, 187, 1. கடைசியில் ஒரு 6 சேர்த்து 123456 என்று போட்டால் 141, 150, 158, 239, 110, 202. இன்னொரு 7 சேர்த்தால் 139, 176, 207, 110, 185, 177. அண்ணன் தம்பிபோல் இருக்கும் மூன்று சொற்களின் அரைவைகளில் உறவின் சாயலே இல்லை. 'கிட்டத்தட்டச் சரி' என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லாததால், திருடனுக்கு நெருங்கி வருகிறோமா விலகிப் போகிறோமா என்ற துப்பும் கிடைக்காது. வரக்கூடிய அரைவைகளின் எண்ணிக்கையோ 78 இலக்கம் கொண்ட எண்.

பின்னோக்கிப் போக ஏன் முடியாது? சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் ஐந்து மணி நேரம் ஓடினால் முள் 3இல் நிற்கும். வெறும் 3ஐ மட்டும் பார்த்தவருக்கு எங்கே தொடங்கியது, எவ்வளவு ஓடியது என்று எப்படித் தெரியும்? ஷா-256 இப்படிச் சுழற்றிக் கூட்டுவதையும், துண்டுகளை இடம் மாற்றுவதையும், ஒன்றோடொன்று பிசைவதையும் 64 சுற்றுகள் செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வந்த தடம் கொஞ்சம் அழிகிறது. இதில் மறைவான கணக்கு எதுவும் கிடையாது. செய்முறை முழுவதும் ஊரறிய வெளியிடப்பட்டிருக்கிறது.

அந்த 64 சுற்றிலும் சுற்றுக்கொன்றாக ஒரு மாறாத எண் சேர்க்கப்படுகிறது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 2, 3, 5, 7 என்று தொடங்கும் முதல் 64 பகா எண்களின் கனமூலங்களிலிருந்து. புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியின் தொடக்கத் துண்டை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறையை வடிவமைத்தது ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 'நடுவில் ஏதோ கள்ளச்சாவி வைத்திருக்கிறீர்கள்' என்று உலகம் சந்தேகப்படும் அல்லவா? அதனால்தான் யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய எண்களை எடுத்தார்கள். வித்தைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு இரு கையையும் விரித்துக் காட்டுவதுபோல.

இவ்வளவு இருந்தும் ஓர் ஓட்டை மிச்சம். ஒரே பொருளுக்கு ஒரே சட்னி என்றால், ஒரே கடவுச்சொல் வைத்த எல்லாருக்கும் ஒரே அரைவைதானே? 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் கசிந்தன. அரைக்காமல் கொள்ளாமல் பச்சையாகவே வைத்திருந்தார்கள். அதில் 123456 என்று வைத்திருந்தவர்கள் மட்டும் சுமார் 2,90,000 பேர். ஒருவேளை அரைத்தே வைத்திருந்தாலும், இந்த 2,90,000 பேரின் அரைவையும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்தால் அத்தனை வீடும் திறந்துவிடும். திருடன் எல்லாருக்கும் பிடித்த சொற்களை முன்கூட்டியே அரைத்துப் பட்டியல் போட்டுத் தயாராகவும் வைத்திருக்கலாம்.

இதற்கான மருந்தும் சமையலறையில்தான் இருக்கிறது. அதன் பெயரே உப்பு. சால்ட் என்றே கணினி உலகிலும் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லோடும் அவருக்கென்று குலுக்கிப் போட்ட ஓர் எண்ணைச் சேர்த்து அரைப்பது. இப்போது நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் 123456 என்றே வைத்தாலும் இரண்டு அரைவையும் வேறு வேறு. இதில் வேடிக்கை, இந்த உப்பு ரகசியமே இல்லை. அரைவைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். திருடனுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. அவன் முன்கூட்டி அரைத்த பட்டியல் குப்பைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக அடுப்பு மூட்ட வேண்டும். 2012இல் லிங்க்டுஇன் தளத்திலிருந்து 65 லட்சம் அரைவைகள் வெளியே வந்தபோது அவற்றில் உப்பே போடப்பட்டிருக்கவில்லை. அதனால் கூட்டம் கூட்டமாக உடைபட்டன. சில தளங்கள் எல்லாருக்கும் பொதுவான இன்னொரு ரகசிய எண்ணையும் சேர்த்து அரைத்து, அதைத் தனியே வேறிடத்தில் பூட்டி வைக்கின்றன. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? மிளகு!

உப்பை யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகில் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, 1979இல் அதை விளக்கி எழுதியவர்கள் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் தாம்சன். அவர்களுடைய உப்பில் 4,096 வகைகள் இருந்தன. அதே கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்திருந்தார்கள். 15 பேர் ஒற்றை எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். 72 பேருடையது இரண்டெழுத்து. 464 பேருடையது மூன்றெழுத்து. அகராதிச் சொற்களையும் குட்டிச் சொற்களையும் சேர்த்தால், சுலபமாகப் பிடிபட்டவை மொத்தத்தில் 86 சதவீதம். மனித மனம் அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.

சட்னியைத் திருப்ப முடியாவிட்டால் திருடன் என்னதான் செய்வான்? ஊகிப்பான். ஒவ்வொரு சொல்லாக அரைத்து, திருடிய அரைவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். இங்கே வேகம்தான் விதி. எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன சொற்கள் மொத்தம் 20,882 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் கணினி விளையாட்டுக்காக விற்கப்படும் உயர்ரக வரைகலை அட்டை ஒன்று, எம்.டி.5 என்ற பழைய அரைவையை விநாடிக்குச் சுமார் 16,000 கோடி முறை அரைக்கும். மொத்தத்தையும் அரைத்து முடிக்க இரண்டு விநாடிகூட ஆகாது. நீங்கள் ஒரு தும்மல் போடும் நேரம்.

மிக்ஸி வேகமாக இருப்பதுதான் தொல்லை என்றால் ஆட்டுக்கல்லுக்குத் திரும்பிவிடலாமே! 1999இல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மசியேர் இருவரும் அதைத்தான் செய்தார்கள். வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் பிகிரிப்ட் என்ற முறையை உருவாக்கினார்கள். அதில் ஒரு திருகு இருக்கிறது. ஒரு படி ஏற்றினால் அரைக்கும் வேலை இரட்டிப்பாகும். கணினிகள் வேகமாக வேகமாகத் திருகையும் ஏற்றிக்கொண்டே போகலாம். 12ஆம் படியில் வைத்தால், மேலே சொன்ன அதே அட்டையால் விநாடிக்குச் சுமார் 1,400 முறைதான் அரைக்க முடியும். இரண்டு விநாடி வேலை நான்கரை ஆண்டுக்கு மேல் இழுக்கும். உங்களுக்கு நுழையும்போது கண்ணிமைக்கும் நேரம்தான் தாமதம். உள்ளே வர ஒரே ஒரு முறை அரைத்தால் போதுமே. கோடிக்கணக்கில் அரைக்க வேண்டியவனுக்குத்தான் கை ஓய்ந்துபோகும்.

உப்பைப் பரப்பிய தாம்சனின் சொந்தக் கடவுச்சொல் என்னவாக இருந்தது? அவருடைய பழைய அரைவை, யூனிக்ஸின் பழைய மூலநிரல் தொகுப்பு ஒன்றில் ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் கிடந்தது. கூட இருந்தவர்களின் சொற்கள் எளிதில் விழுந்துவிட்டன. ஸ்டீவ் போர்ன் தன் குடும்பப் பெயரையே வைத்திருந்தார். பிரையன் கெர்னிகன் விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று குறிகளை இரண்டு முறை தட்டியிருந்தார். தாம்சனுடையது மட்டும் அசையவில்லை. 2019இல் ஒருவர் வரைகலை அட்டையை நான்கு நாளுக்கு மேல் ஓட்டி அதை உடைத்தார். 'பி' எழுத்து, சாய்கோடு, 'க்யூ' 2, சிறுகோடு, 'க்யூ' 4, ஆச்சரியக்குறி. எட்டே குறிகள். சதுரங்கம் ஆடுபவர்களுக்கு உடனே புரியும். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்து என்று பழைய பாணியில் எழுதியது. 1980இல் கணினிச் சதுரங்கத்தில் உலகப் பட்டம் வென்ற 'பெல்' இயந்திரத்தைக் கட்டியவர்களில் ஒருவர் அல்லவா அவர்! செய்தி கேட்ட தாம்சன் எழுதிய பதில் ஒரே ஒரு சொல்: வாழ்த்துகள்.

அந்த மூளைக்காரரின் சொல்லே நாற்பது ஆண்டு கழித்து விழுந்ததென்றால் நாம் எம்மாத்திரம்? ஒரு வழி இருக்கிறது. மூளையை நம்பாமல் பகடையை நம்புவது. 1995இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு வெளியிட்ட டைஸ்வேர் என்ற முறை இது. பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விதமான முடிவுகள் வரலாம். 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலில் பகடை காட்டும் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு சொல் சேர்ந்தால் கடவுச்சொல் தயார். 'முருங்கை கடிகாரம் பனங்கட்டி லாரி நிழல் ஆமை' என்பதுபோல ஏதோ ஒரு கிறுக்குத் தொடர் கிடைக்கும். (இதையே வைத்துவிடாதீர்கள். அச்சேறியது ரகசியமல்ல.) முறையும் பட்டியலும் திருடனின் கையிலேயே இருக்கட்டும். மெதுவான ஆட்டுக்கல்கூட வேண்டாம், விநாடிக்கு 16,000 கோடி அரைக்கும் மிக்ஸியையே அவன் ஓட்டட்டும். எல்லாவற்றையும் முயன்று முடிக்க 40,000 ஆண்டுக்கு மேல் ஆகும். நீளம்தான் பலம். ஓர் எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் ஒரு குறி போட்டு, கடைசியில் 1 சேர்க்கும் சாமர்த்தியமெல்லாம் திருடனின் பட்டியலில் எப்போதோ ஏறிவிட்டது.

ஆனால் மிக வலுவான சொல்லையும் நாமே பாழாக்கிவிடலாம். ஒரே சொல்லைப் பத்து இடத்தில் வைத்தால் போதும். பச்சையாகச் சேமித்து வைத்த ஏதோ ஒரு துக்கடாத் தளத்தில் அது கசிந்தால், அதே சொல்லை உங்கள் மின்னஞ்சலிலும் வங்கியிலும் போட்டுப் பார்ப்பார்கள். அதனால்தான் இடத்துக்கொரு சொல் வேண்டும் என்கிறார்கள். அவ்வளவையும் நினைவில் வைக்க முடியாது. அந்த வேலைக்குக் கடவுச்சொல் காப்பகச் செயலிகள் இருக்கின்றன. அது முடியாதவர்கள், வீட்டு அலமாரியில் ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் தப்பில்லை. கடல்கடந்து கணினியில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது.

நம் சொல் ஏற்கெனவே எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க முடியுமா? முடியும். டிராய் ஹண்ட் என்பவர் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்டு' தளத்தில், கசிந்த கடவுச்சொற்களின் அரைவைகள் 50 கோடிக்கும் மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 'என் சொல் இருக்கிறதா?' என்று கேட்பதற்காக அவரிடமே சொல்லைக் கொடுப்பதா? அங்கேதான் ஓர் அழகான தந்திரம். உங்கள் சொல் உங்கள் கணினியிலேயே அரைபடுகிறது. அங்கே புழங்கும் அரைவை முறை வேறு, அது 40 குறிகளாக வரும்; அவற்றில் முதல் ஐந்து மட்டும் தளத்துக்குப் போகின்றன. நூலகரிடம் நூலின் பெயரைச் சொல்லாமல், 'அந்த அலமாரியை முழுசாகக் காட்டுங்கள்' என்று கேட்பதுபோல. மொத்தம் 10,48,576 அலமாரிகள். அதில் ஒன்றிலுள்ள நூற்றுக்கணக்கான அரைவைகளும் உங்களிடம் வந்துசேரும். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று உங்கள் கணினி சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும். பதில் கிடைத்துவிட்டது. கேள்வி என்ன என்பது மட்டும் பதில் சொன்னவருக்குத் தெரியாது.

இரண்டாவது பூட்டாக, கைபேசிச் செயலியில் ஆறு இலக்க எண் ஒன்று 30 விநாடிக்கொருமுறை மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமானப் பயணத்துக்கான நிலையில் கைபேசியை வைத்தாலும் அது மாறும். சிக்னலே இல்லாமல் அந்த எண் எங்கிருந்து வருகிறது? எங்கிருந்தும் வரவில்லை. முதல் நாள் ஒரு க்யூ.ஆர். கட்டப்படத்தை வருடும்போதே உங்கள் கைபேசியும் தளமும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டன. 1970 ஜனவரி 1 முதல் இந்த நொடிவரை எத்தனை அரை நிமிடங்கள் ஓடியிருக்கின்றன என்று இருவரும் தனித்தனியே எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையையும் ரகசியத்தையும் சேர்த்து அரைத்து ஆறு இலக்கமாகக் குறுக்குகிறார்கள். பேசிக்கொள்ளாமலே இருவர் கையிலும் ஒரே எண். கடிகாரம்தான் தூதுவர்.

இதிலும் ஒரு குறை. அந்த ரகசியம் தளத்திடமும் இருக்கிறது. தவிர, போலித் தளத்தில் நீங்களே அந்த எண்ணைத் தட்டிக் கொடுத்துவிடவும் கூடும். இந்த இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க வந்ததுதான் பாஸ்கீ. 2019 மார்ச்சில் இதன் அடிப்படை முறை இணையத்தின் தரமாக ஏற்கப்பட்டது. இப்போது பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது. அரசர்களின் முத்திரை மோதிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைபேசி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி மோதிரம் வார்க்கிறது. மோதிரம் தளத்தின் கைக்குப் போவதே இல்லை. முத்திரை எப்படி இருக்கும் என்ற மாதிரி மட்டும்தான் அதனிடம் இருக்கும். நீங்கள் நுழையும்போது தளம் புத்தம்புதிய ஓர் எண்ணை அனுப்பும். கைபேசி அதில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும். மாதிரியோடு ஒத்துப்போனால் கதவு திறக்கும். மாதிரியைப் பார்த்து மோதிரம் செய்ய முடியாதபடி கணிதம் காவல் நிற்கிறது. நீங்கள் வைக்கும் விரல்ரேகை, மோதிரப் பெட்டியைத் திறக்க மட்டுமே. அது கைபேசியை விட்டு வெளியே போகாது.

வங்கியின் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒருவன் போலித் தளம் கட்டினால் நம் கண் ஏமாந்துவிடும். கைபேசி ஏமாறாது. எந்த மோதிரம் எந்த முகவரிக்கு என்று அது எழுத்துக்கு எழுத்து குறித்து வைத்திருக்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் 'இந்த இடத்துக்கு என்னிடம் மோதிரம் இல்லை' என்று கையை விரித்துவிடும். தளத்தின் கிடங்கையே கொள்ளையடித்துப் போனாலும் திருடனுக்குக் கிடைப்பது வெறும் முத்திரை மாதிரிகள்தான்.

இனி 'மறந்துவிட்டதா?' என்ற அந்த வரியை அழுத்தும்போது எரிச்சல் வர வேண்டியதில்லை. பழைய சொல்லையே ஒரு தளம் மின்னஞ்சலில் அப்படியே அனுப்பி வைத்தால்தான் பயப்பட வேண்டும். அந்தத் தளம் இன்னும் 1962இலேயே இருக்கிறது. அங்கே வைத்த சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் இதிலிருந்தே விளங்கிவிடுகிறது. 'வங்கியிலிருந்து பேசுகிறோம் சார், உங்கள் கார்டு பிளாக் ஆகப்போகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று ஒரு குரல் அழைக்கும். அவசரப்படுத்தும். உங்கள் ரகசியம் தன் காதில் விழக் கூடாது என்பதற்காகவே அரைத்து, உப்புப் போட்டு, மிளகு தூவி, ஆட்டுக்கல்லில் போட்டு, கடைசியில் மோதிரத்தையே உங்கள் கையில் கொடுத்துவிட்ட ஒரு காவலாளி, போன் போட்டு அதைக் கேட்பாரா? கேட்கிறவர் காவலாளி இல்லை. போனை வைத்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால், இந்தியாவில் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.